யாருடைய கப்பல்? யாருடைய கொடி?

‘இந்தியக் கடற்படை: வரலாறும் மரபும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேருக்கு ராஜேந்திர சோழன் நினைவுக்கு வந்திருப்பான். 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து கடாரத்தை வென்றவன். அவன் படை வென்ற ஊர்களின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பெருமையை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது. ஆனாலும் இன்று நான் சோழனைப் பற்றிப் பேச வரவில்லை. ஏனென்றால், இன்றைய இந்தியக் கடற்படையின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் நாம் நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேர மாட்டோம். குஜராத்தில் சூரத்துக்குப் பக்கத்தில் சுவாலி என்ற கடற்கரைக்குப் போய்ச் சேருவோம். 1612 செப்டம்பர் 5 அன்று அங்கே சில போர்க்கப்பல்கள் வந்து நங்கூரம் பாய்ச்சின. அவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள். தன் சரக்குக் கப்பல்களைப் போர்த்துக்கீசியரிடமிருந்து காப்பாற்றக் கம்பெனி வைத்துக்கொண்ட காவல் படை அது. அதுதான் வேர்.

கசக்கிறதா? கசக்கட்டும். கசப்பை விழுங்கிவிட்டுத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது நான் கேட்டுக்கொண்டே வரும் கேள்விகள் இவை: கப்பல் யாருடையது? அதில் பறக்கும் கொடி யாருடையது? கப்பல் மூழ்கினால் போகும் உயிர் யாருடையது? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே இன்றைய பேச்சு.

கம்பெனி பம்பாய்க்குப் போனதும் அந்தப் படை ‘பம்பாய் மரைன்’ ஆனது. அப்புறம் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1830இல் ஒன்று, 1863இல் ஒன்று, 1877இல் ஒன்று, 1892இல் ஒன்று. கடைசியில் 1934இல் ‘ராயல் இந்தியன் நேவி’. இந்தப் பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். பெயர்தான் மாறியது, எஜமான் மாறவில்லை.

பம்பாய் மரைன் யாரோடு சண்டை போட்டது என்று பாருங்கள். மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயோடு போட்டது. கொங்கணக் கடற்கரையில் கம்பெனிக் கப்பல்களுக்குச் சிம்மசொப்பனமாக இருந்தவர் அவர். 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் கைகோத்து வந்து அவருடைய கொலாபாக் கோட்டையைத் தாக்கினார்கள். தோற்றுத் திரும்பினார்கள். 1729இல் இறக்கும்வரை அவரை அவர்களால் அடக்க முடியவில்லை. அவரைக் ‘கடற்கொள்ளையன்’ என்று எழுதிவைத்தது கம்பெனி. இன்று மும்பைக் கோட்டைப் பகுதியில், கம்பெனி ஆண்ட அதே இடத்தில் இருக்கும் கடற்படைத் தளத்தின் பெயர் என்ன? ஐஎன்எஸ் ஆங்கரே! எந்தப் படை அவரை வேட்டையாடியதோ அந்தப் படையின் வாரிசுகள் இன்று அவர் பெயர் எழுதிய வாசலில் காவல் நிற்கிறார்கள். இதைவிட அழகான பழிவாங்கலை நான் படித்ததில்லை.

நம் சென்னைக்கும் ஒரு நினைவு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்தது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, போய்விட்டது. தடுக்க ஒரு போர்க்கப்பல் இல்லை. ஊர் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். இந்தியாவின் பெயரில் அன்று கடற்படை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பட்டாளத்தை ஏற்றி இறக்கும் வேலைக்காக வைத்திருந்த படை. சென்னையைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

சரி, சண்டைக் கப்பல் கொடுத்தபோது நம் ஆட்கள் எப்படிச் சண்டை போட்டார்கள்? ‘பெங்கால்’ என்ற சிறு கப்பலின் கதையைச் சொல்கிறேன். 1942 நவம்பர் 11. இந்தியப் பெருங்கடலின் நடுவே, கோகோஸ் தீவுகளுக்கு அப்பால். ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது பெங்கால். கண்ணிவெடி அகற்றுவதற்காகக் கட்டிய கப்பல் அது. எழுநூறு டன்கூடத் தேறாது. சொல்லிக்கொள்ளும்படியான பீரங்கி ஒன்றே ஒன்று. எதிரே வந்தவை இரண்டு ஜப்பானியக் கப்பல்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் பெரிய பீரங்கிகள் பல.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பி ஓடுவதுதான் புத்திசாலித்தனம். பெங்கால் ஓடவில்லை. எண்ணெய்க் கப்பலை விலகிப் போகச் சொல்லிவிட்டு எதிரியை நோக்கி நேராகப் போனது. ஒண்டினாவும் முழுதாக விலகிப் போகாமல் தன்னிடமிருந்த ஒரே பீரங்கியால் சுட்டது. குண்டுபட்டு ‘ஹோகோகு மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல் தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. பெங்கால் அடிபட்ட உடம்போடு கரை சேர்ந்தது.

அந்தக் கப்பல் யாருடையது? பிரிட்டிஷ் பேரரசினுடையது. கொடி? பிரிட்டனுடையது. கட்டளையிட்டவர்? வெள்ளை அதிகாரி. பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவர்களும், கொதிகலன் அறையில் வெந்தவர்களும்? இந்தியர்கள். கடற்படையில் இந்தியருக்கு முதல் அதிகாரி பதவி கிடைத்ததே 1928இல்தான், அதுவும் பொறியியல் பிரிவில். போர் முடிகிற வரையில் மேல்தளம் பெரும்பாலும் அவர்களுடையது, கீழ்த்தளம் நம்முடையது.

அந்தக் கீழ்த்தளம் ஒரு நாள் எழுந்து நின்றது. நண்பர்களே, நான் இன்று இங்கே வந்ததே அந்த ஒரு நாளுக்காக.

பம்பாயில் ‘தல்வார்’ என்ற பெயரில் ஒரு பயிற்சி நிலையம். கப்பல் இல்லை, கரையில் இருந்த கட்டடம். செய்தித் தொடர்புப் பிரிவு மாலுமிகள் அங்கே இருந்தார்கள். தந்தியும் வானொலியும் கையாளத் தெரிந்த, படித்த இளைஞர்கள். உலகப் போரில் உலகின் பல கடல்களைப் பார்த்துத் திரும்பியவர்கள். பருப்பில் கல், வெள்ளை மாலுமியைவிடக் குறைந்த சம்பளம், வாயைத் திறந்தால் இனத்தைச் சொல்லி வசவு. பி. சி. தத் என்ற மாலுமி சுவரில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று எழுதி மாட்டிக்கொண்டார். 1946 பிப்ரவரி 18 காலை, தல்வார் மாலுமிகள் சாப்பாட்டை மறுத்தார்கள். வேலையையும் மறுத்தார்கள்.

சாப்பாட்டில் ஆரம்பித்தது சாப்பாட்டோடு நின்றதா? நிற்கவில்லை. செய்தித் தொடர்பு மாலுமிகள் அல்லவா? செய்தி பறந்தது. கராச்சிக்குப் போனது, கல்கத்தாவுக்குப் போனது, விசாகப்பட்டினத்துக்குப் போனது, நம் சென்னைக்கும் வந்தது. ஐந்தே நாளில் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள். ஆசாத் ஹிந்த் படையைச் சேர்ந்த கைதிகளை விடுதலை செய், இந்தோனேசியாவுக்கு அனுப்பிய இந்தியப் பட்டாளத்தைத் திருப்பி அழை என்று அவர்களின் கோரிக்கைகள் வளர்ந்தன. கல் கலந்த பருப்பில் தொடங்கியவர்கள் இந்தோனேசியாவின் விடுதலையைப் பற்றிப் பேசினார்கள். இவர்களையா விவரம் தெரியாத பையன்கள் என்றார்கள்?

கொடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வருகிறேன் அல்லவா? அந்த நாட்களில் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். பதிலாக என்ன ஏற்றினார்கள் தெரியுமா? காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, கம்யூனிஸ்ட் கொடி. மூன்றையும் சேர்த்து ஏற்றினார்கள். டில்லியில் தலைவர்கள் ஒரே மேசையில் உட்காரத் தயங்கிய காலம் அது. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம். எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர்.

கரையில் முற்றுகையிட்டு மாலுமிகளைப் பட்டினி போடப் பார்த்தது அரசு. பம்பாய் மக்கள் சும்மா இருக்கவில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவுக்குச் சாப்பாடும் பழமும் கொண்டுவந்து படகில் ஏற்றி அனுப்பினார்கள். கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள். பிப்ரவரி 21 அன்று காஸில் பேரக்ஸ் என்ற கடற்படைக் குடியிருப்பில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. எது அந்த இடம்? சற்று முன் சொன்னேனே, இன்றைய ஐஎன்எஸ் ஆங்கரே. அதுவேதான்! நகரத் தெருக்களில் ராணுவமும் போலீசும் சுட்டதில் இருநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிர் விட்டார்கள்.

தலைவர்கள் என்ன செய்தார்கள்? அருணா ஆசஃப் அலி மாலுமிகளின் பக்கம் நின்றார். காந்தியடிகள் கண்டித்தார். சர்தார் படேல் சரணடையச் சொன்னார்; பழிவாங்கல் இராது என்று உறுதி சொன்னார். பிப்ரவரி 23 அன்று மாலுமிகள் பணிந்தார்கள், அரசுக்குப் பணியவில்லை, இந்தியாவுக்குப் பணிகிறோம் என்று சொல்லிப் பணிந்தார்கள். உறுதி காப்பாற்றப்படவில்லை. சிறை, பணிநீக்கம், ஊருக்கு ரயில் டிக்கெட்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் சுதந்திரம் வந்தது. நீக்கப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியா தன் கடற்படையில் திரும்பச் சேர்த்துக்கொண்டதா? இல்லை. பாகிஸ்தானும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு கெட்டவர்கள் படைக்கு ஆக மாட்டார்கள் என்ற வாதம் எனக்கும் புரிகிறது. படை என்றால் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும்தான். ஆனால் யாருடைய கட்டளை? அன்றைய கட்டளை அந்நியனுடையது. அந்தக் கணக்கைப் பார்க்க அன்று யாருக்கும் மனம் வரவில்லை. பின்னாளில் கடற்படை தன் இழுவைக் கப்பல்களுக்கு மதன் சிங் பெயரையும் பி. சி. தத் பெயரையும் வைத்தது. மும்பை கொலாபாவில் அந்த எழுச்சிக்கு ஒரு நினைவுச் சிலையும் இருக்கிறது. இழுவைக் கப்பல் சிறியதுதான். இருந்தாலும் அது இல்லாமல் பெரிய கப்பல் எதுவும் துறைமுகத்தை விட்டு நகராது. அந்த மட்டில் எனக்கு ஓர் ஆறுதல்.

சுதந்திரத்துக்கு வருவோம். மூன்று கொடிகளைச் சேர்த்து ஏற்றிய அதே கப்பல்களைப் பிரிவினையில் பங்கு போட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. 1950 ஜனவரி 26 அன்று ‘ராயல்’ என்ற சொல் உதிர்ந்தது. கடற்படைக்கு இலச்சினை வாசகம் வேண்டும் என்றபோது தைத்திரீய உபநிடதத்திலிருந்து வருணனை வேண்டும் வாசகத்தை எடுத்துக் கொடுத்தவர் யார்? அன்றைய கவர்னர் ஜெனரல், நம் ராஜாஜி.

வாசகம் நம்முடையது, தலைமை? ராணுவத்துக்கு 1949இல் கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜி வந்துவிட்டார். கடற்படைக்கோ 1958 ஏப்ரல் வரை பிரிட்டிஷ்காரர்களே தலைவர்கள். காரணம் இருக்கிறது. கடற்படைத் தலைவர் ஒருவர் உருவாக முப்பது ஆண்டு கடல் அனுபவம் வேண்டும். நமக்கு அதிகாரிப் பதவி கொடுக்கவே மறுத்தவர்கள் முப்பது ஆண்டு அனுபவத்துக்கு எங்கே இடம் கொடுத்தார்கள்? முதல் இந்தியத் தலைவராக வந்தவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கடாரி. பிறந்த ஊர் செங்கல்பட்டு! ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் படித்தவர்.

இங்கே ஒரு சுவையான இடைச்செருகல். 1939இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘கிராஃப் ஸ்பீ’யைத் தென்னமெரிக்கக் கடலில் விரட்டிய கப்பல்களில் ஒன்று ‘அக்கிலிஸ்’. அதன் கேப்டன் எட்வர்ட் பாரி. 1948இல் அந்தக் கப்பலை நாம் வாங்கி ‘டெல்லி’ என்று பெயர் வைத்தோம். அதே ஆண்டில் நம் கடற்படைத் தலைவராக வந்தவரும் அதே பாரிதான். 1950களில் அந்தச் சண்டையைச் சினிமாவாக எடுத்தபோது அக்கிலிஸாக நடிக்க ஒரு கப்பல் தேவைப்பட்டது. ஐஎன்எஸ் டெல்லி போய்த் தன் வேடத்தில் தானே நடித்துவிட்டு வந்தது!

மரபுகளைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் அழைப்பிதழ் என்னை மன்னிக்காது. கேப்டன் கப்பலில் காலடி வைத்ததும் மாலுமி விசில் ஊதுவார். ஏன்? பாய்க்கப்பல் காலத்தில் நடுக்கடலில் வரும் அதிகாரியைப் பலகையில் உட்காரவைத்துக் கயிற்றால் மேலே இழுப்பார்கள். இழு, நிறுத்து, இறக்கு எல்லாம் விசிலில்தான். பலகை போய்விட்டது, விசில் இருக்கிறது. ராணுவத்தார் சல்யூட் அடித்தால் உள்ளங்கை முன்னால் தெரியும். கடற்படையில் உள்ளங்கை கீழ்நோக்கி மறைந்திருக்கும். கயிறும் தாரும் பிடித்துக் கறுத்த கையை அதிகாரிக்குக் காட்டக் கூடாது என்பதால் வந்த பழக்கம் என்பார்கள். எனக்கு அந்தக் கறுத்த கைதான் பெரிது. விசிலும் சல்யூட்டும் வெள்ளைக்காரர் விட்டுப்போனவை. புதுக் கப்பலை நீரில் இறக்கும்போது ஒரு பெண்மணி அதன் முகப்பில் தேங்காய் உடைப்பது நாம் சேர்த்தது.

கப்பல் சாகும், பெயர் சாகாது. இது கடற்படையின் நம்பிக்கை. 1961இல் வந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. கடைசியில் உடைத்தார்கள். அந்த உலோகத்தை வாங்கி பஜாஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள்கூடச் செய்து விற்றது. ஆனால் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில், நாமே கட்டிய 262 மீட்டர் நீளக் கப்பல் விக்ராந்த் என்ற பெயரோடு எழுந்தது.

கொடியும் அன்றுதான் மாறியது. 1950க்குப் பிறகும் நம் கடற்படைக் கொடியில் இங்கிலாந்தின் செஞ்சிலுவை இருந்தது தெரியுமா? மூலையில் மட்டும் மூவர்ணம். 2001இல் சிலுவையை எடுத்தார்கள். புதுக் கொடியின் நீலச் சின்னம் வானத்தோடும் கடலோடும் கலந்துபோகிறது என்று 2004இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2022இல்தான் அது முற்றாக நீங்கி, சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோணம் வந்தது. கணக்குப் பாருங்கள். கப்பல் நம்முடையதாகி, தலைவர் நம்மவராகி, கொடி முழுக்க நம்முடையதாக எழுபத்தைந்து ஆண்டு ஆயிற்று.

ஆனால் உயிர்? அது என்றைக்கும் நம்முடையதுதான். 1971 பாகிஸ்தான் போருக்கு வாருங்கள்.

கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா. சிறுவயதில் கராச்சித் துறைமுகத்தை ஒட்டிய மனோராவில் வளர்ந்தவர். விளையாடிய துறைமுகத்தையே டிசம்பர் 4 இரவு தாக்க ஆணையிட்டார். நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று சிறு ஏவுகணைப் படகுகள் போயின. எதிரி ஒட்டுக் கேட்டால் புரியக் கூடாது என்று ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். பாகிஸ்தானின் ‘கைபர்’ மூழ்கியது. அந்த நாளைத்தான் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம்.

கிழக்குக் கடலுக்குத் தலைவர் யார்? நம் நாகர்கோவில்காரர், வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவரிடம் இருந்த பெரிய சொத்து விக்ராந்த். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். அதைத் தேடி வந்துகொண்டிருந்தது பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கிக் கப்பல். கிருஷ்ணன் என்ன செய்தார்? விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். விசாகப்பட்டினம் சந்தையில் பெருங்கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் வாங்கச் சொன்னார். ஓய்வுபெறப் போகும் ‘ராஜ்புத்’ என்ற கிழட்டுக் கப்பலை வெளியே அனுப்பி, விக்ராந்தைப் போல ஓயாமல் வானொலியில் பேசச் சொன்னார். விக்ராந்த் மாலுமி ஒருவன் தன் தாயின் உடல்நிலையைக் கேட்பதுபோல் ஒரு தந்தியை மறைக்காமல் அனுப்பவைத்தார். காஸி நம்பியது. விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, துறைமுக வாயிலிலேயே வெடித்து மூழ்கியது. ராஜ்புத்தின் வெடிகுண்டால் என்பது நம் கட்சி, உள்வெடிப்பு என்பது அவர்கள் கட்சி. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து கையெழுத்திடும் புகைப்படத்தைப் பாருங்கள்; பின்னால் நிற்பவர்களில் ஒருவர் கிருஷ்ணன்.

வெற்றியை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. டிசம்பர் 9 இரவு, டையூ கடலில், பாகிஸ்தானின் ‘ஹாங்கர்’ நீர்மூழ்கி நம் ‘குக்ரி’யைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் போனது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் மிதவைச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். கப்பலை விட்டு இறங்க மறுத்தார். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். மேல்தளமும் கீழ்த்தளமும் ஒன்றாக மூழ்கின. 1946இல் கீழ்த்தளத்துப் பையன்கள் கேட்டது இந்தச் சமத்துவத்தைத்தான் என்று சொன்னால் தவறா? ஒரு கேப்டன் தன் உயிர்க்கவசத்தைக் கழற்றி மாலுமிக்குக் கொடுக்கிற கடற்படையைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

பிறகு நடந்தவற்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 2004 சுனாமியில் நம் கரைக்கும், அந்தமானுக்கும், இலங்கைக்கும், மாலத்தீவுக்கும், இந்தோனேசியாவுக்கும் ஒரே வேளையில் உதவிக் கப்பல்கள் போயின. அண்மையில் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் இரண்டே பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். அவர்களில் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிப் பெண்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிசம்பர் 4ஐ உங்கள் பள்ளிகளில் கொண்டாடுகிறீர்கள், மகிழ்ச்சி. என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பிப்ரவரி 18 அன்று காலை வழிபாட்டில் தல்வார் மாலுமிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். எம். எஸ். கான், மதன் சிங், பி. சி. தத் என்ற பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பாடநூலில் அந்த ஐந்து நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லிப் பாடநூல் குழுவுக்கு இந்த மன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுவோம். கையெழுத்திட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.